திருந்தியவருக்கு வேலை காலி இல்லை

போதையை விட்டவனுக்கு வேலை கொடுக்க நம் ஊர் முதலாளிகள் எப்போதும் தயார். ஒரே ஒரு நிபந்தனைதான்: அவன் அதைத் தொட்டே இருக்கக் கூடாது.

இவ்வளவு எளிய நிபந்தனையைக்கூட நிறைவேற்ற முடியாதவர்கள்தான் இன்று மாத்திரையை விட்டு, பொட்டலத்தை விட்டு, பாட்டிலை விட்டு, கையில் பயோடேட்டாவோடு தொழிற்பேட்டை தொழிற்பேட்டையாக அலைகிறார்கள். அவர்களைத் திருந்தச் சொல்லாதவர் கிடையாது. பெற்றவள் அழுது சொன்னாள். மாமனார் பஞ்சாயத்து வைத்துச் சொன்னார். ஏட்டையா லத்தியால் சொன்னார். சுவரொட்டி சொன்னது, தியேட்டரில் படம் போடுவதற்கு முன்னால் ஓடும் விளம்பரம் சொன்னது, ஆட்டோவின் முதுகு சொன்னது. கடைசியில் திருந்தினான். திருந்தி வந்து வாசலில் நின்றவனைப் பார்த்து இந்த ஊர் கேட்ட முதல் கேள்வி: "திருந்துற அளவுக்கு அப்படி என்னப்பா பண்ணிட்டே?"

நேர்காணல் எப்படி நடக்கும் என்று பார்த்துவிடுவோம். எந்த ஊராகவும் இருக்கலாம். அம்பத்தூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்திருப்பவன் ஐ.டி.ஐ. ஃபிட்டர். சி.என்.சி. மெஷினில் ஆறு வருட அனுபவம். மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தால் முடியளவு பிசகையும் பிடித்துவிடுவான். எதிரே எச்.ஆர். மேடம். அவருக்கு மெஷினைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. பயோடேட்டாவில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் போதும்.

"நடுவுல ஒன்றரை வருஷம் கேப் இருக்கே தம்பி, என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"உடம்பு சரியில்ல மேடம்."

"என்ன உடம்புக்கு?"

இந்த இடத்தில் அவனுக்கு இரண்டு வழி. "மஞ்சள் காமாலை மேடம்" என்று சொன்னால், "ஐயோ, கீழாநெல்லி சாப்பிட்டீங்களா?" என்று ஒரு அனுதாபமும், திங்கட்கிழமை முதல் ஷிஃப்டும் கிடைக்கும். இவன் இரண்டாவது வழியில் போகிறான்.

"தொடர்ந்து ஓ.டி. பார்த்ததுல முதுகு போயிடுச்சு மேடம். வலி மாத்திரை போட ஆரம்பிச்சேன். அப்புறம் அது இல்லாம முடியலை. சிகிச்சை எடுத்தேன். விட்டு பதினாலு மாசம் ஆகுது."

மேடம் பேனாவை மூடுகிறார். "இவ்ளோ ஓப்பனா சொல்றீங்களே, ரொம்ப சந்தோஷம் தம்பி. நாங்க கூப்பிடுறோம்."

அந்த ஃபோன் இன்னும் வரவில்லை. ஆனால் பாராட்டு கிடைத்ததல்லவா, அதை வைத்து அந்த மாத வாடகையைக் கட்டிக்கொள்ளலாம்.

இதில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் நின்றபோது பழைய கம்பெனியில் அவன்தான் 'பெஸ்ட் எம்ப்ளாயி'. நோட்டீஸ் போர்டில் போட்டோ ஒட்டினார்கள். வலி தெரியாத தொழிலாளியை யாருக்குத்தான் பிடிக்காது? மாத்திரையை நிறுத்தி, தூங்கி, சாப்பிட்டு, மனிதனாக எழுந்து வந்தபோதுதான் வேலைக்கு லாயக்கில்லாதவன் ஆகிவிட்டான். மறுவாழ்வு மையத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பொய் சொல்லாதே, பொய்யில்தான் போதை ஒளிந்துகொள்ளும் என்பது. கம்பெனி வாசலில் அவன் படித்த முதல் பாடம், பொய் சொல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது என்பது. இரண்டில் எதை மனப்பாடம் செய்வான்? வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது.

சரி, காகிதத்தையாவது காட்டலாம் என்று பார்த்தால் அங்கே வேறு வில்லங்கம். சிகிச்சை எடுத்தது அரசு மனநல மருத்துவமனை என்றால், டிஸ்சார்ஜ் சம்மரியின் தலைப்பிலேயே கீழ்ப்பாக்கம் முகவரி இருக்கும். 1794இல் தொடங்கி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நோயாளிகளைப் பார்த்துவரும் இடம். சென்னைக்காரர்களுக்கோ அது இன்னும் கிண்டல் செய்யும் இடம். அந்த ஒரு தாளை மேசையில் வைத்தால் போதும், எதிரே இருப்பவர் நாற்காலியை அரை அடி பின்னால் இழுத்துக்கொள்வார். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலக் கோளாறுகளை நோய் என்றே வரையறுக்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்கும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. சட்டம் டெல்லியில் இயற்றப்பட்டது. அம்பத்தூருக்கு இன்னும் வந்து சேரவில்லை. வண்டி எங்கேயோ நின்றுவிட்டது போலிருக்கிறது.

இன்னும் கொஞ்சம் நல்ல மனதுள்ள நிர்வாகிகள் உண்டு. அவர்கள் சொல்வார்கள்: "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லப்பா. இனிமே தொடவே மாட்டான்னு ஒரு கவர்ன்மென்ட் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்துடு." உலகத்தில் எந்த மருத்துவரும் எழுதித் தர முடியாத ஒரே சான்றிதழ் அது. இனிமேல் கோபப்படவே மாட்டார், இனிமேல் வருமான வரியை மறைக்கவே மாட்டார் என்று நிர்வாக இயக்குநருக்கு யாராவது எழுதித் தருவார்களா? தர மாட்டார்கள். ஆனால் அவரிடம் யாரும் கேட்பதில்லை. சான்றிதழ் என்பது மேலிருந்து கீழே கேட்கப்படும் பொருள்.

அடுத்தது போலீஸ் சரிபார்ப்பு. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985 என்பது கொடுமையான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குள்ளும் 64ஏ என்று ஒரு கருணைப் பிரிவு இருக்கிறது. போதையை உட்கொண்டதற்காகவோ, சிறிய அளவில் வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய நோயாளி, அரசு அங்கீகரித்த இடத்தில் தானே முன்வந்து சிகிச்சையை முடித்தால் அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது என்கிறது அது. அருமையான பிரிவு. புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஒரு பொட்டலத்தோடு பிடிபட்ட பையனுக்கு நீதிமன்ற வராண்டாவில் கிடைக்கும் சட்ட ஆலோசனையோ வேறு: "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுடா, சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்." ஒத்துக்கொண்டான், கட்டினான், சாயங்காலம் வீட்டுக்குப் போனான். வேலைக்குத்தான் இன்றுவரை போக முடியவில்லை. அந்த ஃபைன் ரசீது தண்டனையாக மாறி, அவன் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது.

தனியாரை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும், அரசு என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். அரசு இந்தத் துறையில் ஏராளமான வேலைவாய்ப்பை உருவாக்கியிருக்கிறது. 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003இல் மதுவின் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் வேலை பார்க்கிறார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடிப் போராடி ஓய்ந்தது தனிக்கதை. கடைகள் இயங்குவது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. 2024-25இல் அந்த மதுவிலக்கின் மூலம் வந்த வருவாய் 48 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். இவ்வளவு லாபகரமான மதுவிலக்கை காந்தியார்கூடக் கனவு கண்டிருக்க மாட்டார். குடிக்கக் கொடுப்பதற்கு ஆள் எடுத்தார்கள், காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டம்கூடக் கொண்டுவந்தார்கள். குடியை விட்டவனைத் திரும்ப வாங்கத்தான் கவுன்ட்டர் இல்லை.

இன்னொரு திட்டமும் உண்டு, மிக உயர்ந்த திட்டம். கள்ளச்சாராயம் காய்ச்சி விற்றவர்கள் மனம் திருந்தி வந்தால் கறவை மாடு வாங்க, பெட்டிக்கடை வைக்க அரசு மறுவாழ்வு நிதி தருகிறது. தரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காய்ச்சியவன் திருந்தினால் மாடு, குடித்தவன் திருந்தினால் 'வாழ்த்துகள்' என்றால் கணக்கு எங்கேயோ இடிக்கிறதே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுத்தது அரசு. அந்தத் தாலிகளுக்கு 10 லட்சம் ஈடாகாது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: குடித்துச் செத்தவன் வீட்டுக்கு வழி தெரிந்த அரசு வாகனத்துக்கு, குடியை விட்டு உயிரோடு இருப்பவன் வீட்டுக்கு ஏன் வழி தெரியவில்லை?

திட்டமே இல்லை என்று சொன்னால் அபாண்டம். போதைத் தேவைக் குறைப்புக்கான தேசிய செயல்திட்டத்தில் மீண்டவர்களின் திறன் மேம்பாடு, தொழிற்பயிற்சி, வாழ்வாதாரம் என்று எல்லாச் சொற்களும் இருக்கின்றன. அந்தச் சொற்கள் கீழே இறங்கி வரும்போது என்ன ஆகின்றன என்பதைப் பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மெழுகுவர்த்தி, பினாயில், காகிதக் கவர், ஊதுபத்தி. சி.என்.சி. மெஷினில் ப்ரோகிராம் போட்டவனும், கோயம்பேட்டில் லோடு இறக்கியவனும், பி.காம். முடித்துக் கணக்கு எழுதியவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அச்சில் மெழுகு ஊற்றுகிறார்கள். முடிந்ததும் சான்றிதழ். கூடவே ஒரு குரூப் போட்டோ, அதில் நடுவில் அதிகாரி, ஓரத்தில் மெழுகுவர்த்தி. கரன்ட் போவதே குறைந்துவிட்ட ஊரில் இத்தனை மெழுகுவர்த்தியை யார் வாங்குவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவன் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கிறதே, அந்தத் தொழிலுக்கு அவனைத் திருப்பி அனுப்ப ஒருவர் நான்கு கம்பெனிக்கு ஃபோன் போட்டால் போதுமே என்றும் யாரும் கேட்கவில்லை. ஃபோன் போடுவதற்குத் திட்டத்தில் தலைப்பு இல்லை. மெழுகுக்கு இருக்கிறது.

இத்தனையும் தாண்டி எப்படியோ ஒரு வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கான்ட்ராக்டில்தான், வேறெப்படி? அப்போதுதான் உண்மையான பரீட்சை ஆரம்பமாகிறது.

ஹெராயின் வகை போதையிலிருந்து மீள்பவர்களுக்கு புப்ரினார்ஃபின் என்றொரு மாத்திரை இருக்கிறது. நாக்குக்கு அடியில் வைத்தால் கரையும். உடம்பின் தவிப்பை அடக்கி ஆளை நிலைப்படுத்தும், வேலைக்குப் போக வைக்கும். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் இதை இலவசமாகத் தருகிறார்கள். பொதுவான விதி என்னவென்றால், தினமும் நேரில் வர வேண்டும், ஊழியர் கண் முன்னால் சாப்பிட வேண்டும். மையம் திறக்கும் நேரமும் கம்பெனியில் விரல் வைக்கும் நேரமும் ஒன்றாக அமைந்தால் அது நோயாளியின் ஜாதக தோஷம். மருந்துக்குப் போனால் அரை நாள் சம்பளம் போச்சு, வேலைக்குப் போனால் மருந்து போச்சு. வேலைக்குப் போவதற்காக மருந்து, மருந்துக்காக வேலையை விடு. 2020 பொதுமுடக்கத்தில் வேறு வழியில்லாமல் மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியபோது வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆனால் நோயாளியை நம்புவதற்கு நமக்கு ஒரு பெருந்தொற்று தேவைப்பட்டது.

மீட்பு ஆலோசகர்கள் புதிதாக விட்டவர்களிடம் நான்கு விஷயங்களில் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்வார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. இந்த நான்கும்தான் ஆளைத் திரும்பவும் கீழே தள்ளும். நம் ஒப்பந்தத் தொழிலாளர் முறையின் மகிமை என்னவென்றால் நான்கையும் ஒரே ஷிஃப்டில் கொடுத்துவிடும். புதிதாகச் சேர்ந்தவனுக்கு நைட் ஷிஃப்ட்: களைப்பு. கேன்டீன் டோக்கன் கம்பெனி ஆட்களுக்கு மட்டும்: பசி. "ஏய், கான்ட்ராக்ட்டு!" என்று சூப்பர்வைசர் கூப்பிடுவார்: கோபம். விஷயம் தெரிந்தவுடன் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து ஸ்டூல் காலியாகும்: தனிமை. கட்டட வேலைக்குப் போனால் ஐந்தாவதும் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கூலியை எண்ணிக் கையில் வைப்பார். அப்போது ஊரே "வாடா மச்சான், ஒரு கட்டிங்" என்று கூப்பிடும். மாலை ஏழு மணிக்குத் திறந்திருக்கும் அரசு நிறுவனம் எது என்று உங்களுக்கே தெரியும். பகல் பன்னிரண்டுக்குத் திறந்தால் இரவு பத்து வரை. அரசு மருத்துவமனையின் ஆலோசனைப் பிரிவை அந்த நேரத்தில் தேடிப் பாருங்கள், வாட்ச்மேன் இருப்பார்.

தொழிற்கூடத்தில் ஒரு ஸ்பேனர் காணாமல் போகிறது. முப்பது பேர் இருக்கிற இடம். யார் பையை முதலில் திறப்பார்கள்? ஒருநாள் ஜுரத்தில் கண் சிவந்து வருகிறான். "என்னடா, மறுபடியுமா?" ஒருநாள் சிரிக்கிறான். "என்னடா, ரொம்ப சந்தோஷமா இருக்கே?" ஒருநாள் பேசாமல் இருக்கிறான். "என்னவோ மறைக்கிறான்." பதினாலு மாசம் விட்டவனை நம்புவதற்கு எத்தனை மாசம் வேண்டும் என்று இன்னும் யாரும் கணக்குச் சொல்லவில்லை. அவனோ, தினமும் காலையில் எழுந்து இன்றைக்கு ஒருநாள் என்று தொடங்கி, ராத்திரி படுக்கும்போது அதைக் காப்பாற்றிவிட்டுத் தூங்குகிறவன். டெலிவரி தேதியைக்கூடக் காப்பாற்றாத கம்பெனி அவனுடைய நம்பகத்தன்மையைச் சோதிக்கிறது.

சரி, ஒருநாள் அவன் சறுக்கியே விடுகிறான். சறுக்குவார்கள். போதைச் சிகிச்சை எடுத்தவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி சறுக்குகிறார்கள் என்றும், ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகள் சிகிச்சையிலிருந்து வழுவுவதும் ஏறக்குறைய அதே அளவுதான் என்றும் அமெரிக்கத் தேசியப் போதை ஆய்வு நிறுவனம் நெடுநாளாகச் சொல்லிவருகிறது. எம்.டி.க்குச் சர்க்கரை நோய். தீபாவளிக்கு ஆறு மைசூர்பாகு சாப்பிட்டு மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தது, பூங்கொத்து போனது, "உடம்பைப் பார்த்துக்குங்க சார்" என்று மொத்த ஆபீஸும் உருகியது. தொழிலாளி ஒருநாள் மாத்திரை போட்டுவிட்டு மறுநாள் தானே வந்து ஆலோசகரிடம் போக லீவு கேட்டான். கேட் பாஸை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார்கள். "நாங்க அப்பவே சொன்னோம்ல?" என்று மொத்த ஆபீஸும் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அவன் விழவேண்டும் என்று எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பது அன்றுதான் அவனுக்கே தெரிந்தது.

இ.எஸ்.ஐ. திட்டப்படி நோயுற்ற தொழிலாளிக்கு வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலியோடு விடுப்பு உண்டு. போதை நோயும் நோய்தானே என்று கேட்டால், கான்ட்ராக்டர் கேட்பார்: "உன் பேர்ல இ.எஸ்.ஐ. கட்டியிருக்கேன்னு எப்பப்பா சொன்னேன்?"

அதே கம்பெனியின் வருடாந்திர டீலர் கூட்டத்துக்கு வாருங்கள். மகாபலிபுரத்தில் ரிசார்ட், கடற்கரையில் கூடாரம். எட்டு மணிக்கு மேல் வெள்ளைக்கார வாடிக்கையாளருக்குத் துணையாக விற்பனைப் பிரிவு மொத்தமும் கிளாஸைத் தூக்கும். தூக்காதவருக்கு "டீம் ஸ்பிரிட் இல்லை" என்று அப்ரைசலில் மார்க் குறையும். அங்கே குடிக்காதவன் சந்தேகத்துக்குரியவன், தொழிற்கூடத்தில் குடித்திருந்தவன் சந்தேகத்துக்குரியவன். இத்தனைக்கும் 'போதைக்கு இடமில்லை' என்ற கம்பெனிக் கொள்கை, கண்ணாடிச் சட்டத்துக்குள், ரிசப்ஷனில் மாட்டியிருக்கும்.

எல்லாக் கதவும் மூடிய பிறகு அவனை ஏற்றுக்கொள்ளும் தொழில் ஒன்று இருக்கிறது: மறுவாழ்வு மையம். வெளியே வேலை கிடைக்காதவனை, "நீ இங்கேயே இருந்துடேன்" என்று கூப்பிடுவார்கள். புதிதாக வருபவனைப் பிடித்துக்கொள்வது, ராத்திரி முழுக்கக் கண்விழிப்பது, சமைப்பது, கழுவுவது. பதவி, வாலன்டியர். சம்பளம், சாப்பாடும் பாயும். கேட்டால் "சேவைப்பா" என்பார்கள். நல்ல மையங்கள் மீண்டவர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து ஆலோசகராக வைத்திருக்கின்றன. மற்றவற்றில், குடும்பம் மாதாமாதம் கட்டும் பணம் முதலாளிக்கு வருமானம், மீண்டவனின் உழைப்பு முதலாளிக்கு லாபம். அவன் மனைவி எக்ஸ்போர்ட் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைத்து இந்தச் சேவையை நடத்திக்கொண்டிருப்பாள்.

இதையெல்லாம் மாற்ற யாரும் வானத்தை வில்லாக வளைக்க வேண்டாம். வழி தெரியாமல் யாரும் நிற்கவில்லை. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, சிகிச்சை என்பது வார்டோடு முடிவதில்லை, குடும்பத்தையும் தொடர் கவனிப்பையும் சேர்த்தது என்று நாற்பது வருடத்துக்கு மேலாகக் காட்டிவருகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வெளியிட்ட நெறிமுறை, குடியையும் போதையையும் மற்ற நோய்களைப் போலவே நடத்து, சிகிச்சை பெறுபவரின் வேலையைக் காப்பாற்று என்கிறது. போர்ச்சுகல் 1998இலேயே மீண்டவர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசே கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் வேறொரு முறையைச் சோதித்தார்கள்: முதலில் முழுசாகத் திருந்தி வா, பிறகு வேலை என்று சொல்லாமல், சிகிச்சையில் இருக்கும்போதே அவருக்குப் பிடித்த, தெரிந்த வேலையில் சேர்த்துவிட்டு, ஒரு வேலை ஆலோசகர் அவரோடும் முதலாளியோடும் தொடர்ந்து பேசிக்கொண்டே இருப்பது. வேலையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. மெழுகு தேவைப்படவில்லை.

இந்த வழியில் நாம் இங்கே செய்ய வேண்டியவை ரொம்பச் சாதாரண விஷயங்கள். முதல் ஆறு மாதம் நைட் ஷிஃப்ட் போடாதே. ஃபாலோ-அப்புக்குப் போக இரண்டு மணி நேரம் அனுமதி கொடு. கூலியைச் சனிக்கிழமை கையில் கொடுக்காமல் வங்கியில் போடு. விஷயம் தெரிய வேண்டிய ஒரே ஒருவருக்கு மட்டும் தெரியட்டும். சறுக்கினால் சிகிச்சைக்கு அனுப்பு, திரும்பி வந்தால் அதே மெஷினைக் கொடு. மெஷின் ஓட்டும்போது போதையில் இருந்தால் அன்றைக்கு நிறுத்து, யாரும் தடுக்கவில்லை. பாதுகாப்பு வேறு, பழிவாங்கல் வேறு. இதில் எதற்கும் செலவு கிடையாது. ஒரு மனிதனை ஒரு மனிதனாகப் பார்க்க வேண்டும், அந்தச் செலவுதான் கட்டுப்படியாகவில்லை.

காசு வேண்டுமென்றால் அதற்கும் கணக்குச் சொல்கிறேன். டாஸ்மாக் வருவாய் சராசரியாக ஒரு நாளைக்கு 130 கோடி ரூபாய்க்கு மேல். மே முதல் தேதி, தொழிலாளர் தினம் என்று கடையை மூடுகிறீர்கள். தொழிலாளிக்கு நீங்கள் தரும் மரியாதை அது. மே 2ஆம் தேதி திறக்கும்போது வரும் ஒரே ஒரு நாள் வருவாயைத் தனியாக எடுத்து வையுங்கள். மாதம் 10,000 ரூபாய் வீதம் ஒரு வருடத்துக்குச் சம்பளப் பங்கு கொடுத்தால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையில் உட்கார வைக்கலாம். 365 நாளில் ஒரு நாள். குடித்தவனிடமிருந்து வாங்கிய பணத்தில் குடியை விட்டவனுக்கு ஒரு நாள் கேட்கிறேன். பிச்சை கேட்கவில்லை, பாக்கியைக் கேட்கிறேன்.

2019இல் எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக நடத்திய ஆய்வில், இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது என்று தெரிந்தது. அந்த ஒருவனாக இருந்து, சிகிச்சையை முடித்து, வெளியே வந்து, விட்ட நிலையிலேயே மாதங்களை ஓட்டியவன் எத்தனை வடிகட்டலைத் தாண்டியவன்! இதைவிடக் கடினமான போட்டித் தேர்வை எந்தத் தேர்வாணையமும் நடத்தியதில்லை. அதில் தேறியவனைத்தான் வாசல் செக்யூரிட்டி, "வேலை காலி இல்ல, போப்பா" என்று விரட்டுகிறார்.

ஜூன் 26 வரும். உலகப் போதை ஒழிப்பு தினம். கடற்கரைச் சாலையில் மாரத்தான் ஓடுவார்கள். மனிதச் சங்கிலி நிற்கும். ஆட்சியர் கொடியசைப்பார், கம்பெனிகள் தங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் டி-ஷர்ட் அடித்துக் கொடுக்கும், கையை நீட்டி ஆயிரம் பேர் உறுதிமொழி எடுப்பார்கள். கூட்டத்தைக் காட்ட மறுவாழ்வு மையங்களிலிருந்து வேன் வைத்து ஆட்களையும் அழைத்து வருவார்கள். இந்த முறை ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம். மைக் பிடிக்க வரும் ஒவ்வொருவரும், அமைச்சரோ ஆட்சியரோ தொழிலதிபரோ கல்லூரித் தாளாளரோ, போன வருடம் தன் இடத்தில் மீண்டவர்கள் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தார், அதில் எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்று முதலில் சொல்லட்டும். பூஜ்யம் என்றால் மைக்கை வைத்துவிட்டு உட்காரட்டும். நிகழ்ச்சி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், வெயிலும் மிச்சம்.

மீண்டு வந்தவனை மேடைக்கு அழைக்க வேண்டாம். சால்வை போட வேண்டாம். அவன் கதையைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். மஸ்டர் ரோலில் பெயரை எழுதுங்கள். அப்புறம் அவனை அவன் பாட்டுக்கு வேலை பார்க்க விடுங்கள்.